மீட்டரைப் பார்த்து விட்ட மூச்சு

பாலா, கோட்டயம் ஜில்லா,
துலா மாதம் 12, ஞாயிறு

என் ஷெறின் மகளுக்கு, இயேசுவுக்குத் தோத்திரம். நானும் உன் அப்பச்சனும் நலம். வழக்கமாக எழுதிவைக்கிற நலமில்லை, இந்த முறை நிஜமாகவே நலம். அயர்லாந்துக் குளிரில் நீயும் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன்.

போனில் உன்னிடம் மறைத்ததை இப்போது சொல்கிறேன், பதறாதே. அப்பச்சனுக்கு ஆக்சிஜன் மெஷின் வைத்த பிறகு கரண்ட் இரண்டு மாதத்துக்கு ஐந்நூறு யூனிட்டை ஒட்டியே வந்தது. அதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே பெரிய ரேட்டாம். மனுஷர் தினமும் காலையில் மீட்டரைப் பார்த்து, காலண்டரில் குறித்துவைத்து, நான் சர்ச்சுக்குக் கிளம்பியதும் மெஷினை நிறுத்தியிருக்கிறார். ஒருநாள் குடையை மறந்து பாதி வழியில் திரும்பினேன், உதடு நீலமாகி நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். என் உயிரே போய்விட்டது. திட்டினால், "பிரிட்ஜை நிறுத்தினா மீன் கெட்டுப்போகும்டி, நான் கெட்டுப்போக மாட்டேன்" என்கிறார். மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

அப்போதுதான் பேப்பரில் பார்த்தேன், கரண்ட் போர்டு இன்னும் ரேட்டைக் கூட்டக் கேட்டிருக்கிறதாம். ஆனால் அவர்களாகக் கூட்ட முடியாது, மின்சாரக் கமிஷன் கோட்டயத்துக்கு வந்து ஜனங்களிடம் கேட்டுத்தான் முடிவு சொல்லுமாம். நானும் பஸ் ஏறிவிட்டேன். மில்காரர்களும் சங்கத்துக்காரர்களும் காகிதக் கட்டோடு பேசினார்கள், நான் காலண்டர் தாளை நீட்டினேன். "சாரே, என் வீட்டுக்காரர் மீட்டரைப் பார்த்துத்தான் மூச்சு விடுறாரு, நீங்க ரேட்டைக் கூட்டினா அவரு மூச்சைக் குறைப்பாரு" என்று சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். கமிஷனில் இருந்த ஒரு அம்மா, "உயிர் காக்குற மெஷினுக்குக் கரண்ட் இலவசமாச்சே, எழுதிக் கொடுக்கலையா?" என்று கேட்டார். அப்படி ஒன்று இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து கேட்டால், ஆஸ்பத்திரியில் கொடுத்த அந்த விண்ணப்பத்தை எட்டு மாதமாகப் பைபிளுக்குள் ஒளித்துவைத்திருக்கிறார். "அது இல்லாதவங்களுக்கு, நாம கைநீட்டுறதா?" என்றார். "செத்தா பெட்டி தூக்க நாலு பேரைக் கூப்பிடணுமே, அது மட்டும் பரவாயில்லையா?" என்றேன். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். டாக்டர் சான்றிதழும் சேர்த்துக் கொடுத்து, இந்தச் செவ்வாய் அனுமதி வந்துவிட்டது. மெஷின் இப்போது டாக்டர் சொன்ன நேரமெல்லாம் ஓடுகிறது. நேற்றுக் கப்பைக்கிழங்கும் மீனும் இரண்டு முறை வாங்கித் தின்றுவிட்டு, உப்பில்லை என்று சண்டைக்கு வந்தார். அந்தச் சண்டையைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. ரேட் கூடுமா என்று இன்னும் தெரியவில்லை, மறுபடி கேட்க வந்தால் மறுபடி போவேன்.

கர்த்தர் உன்னைக் கண்மணிபோல் காக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. வீடியோவில் வீட்டுக்குள்ளேயே கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்திருக்கிறாய், கேட்டால் ஃபேஷன் என்கிறாய். அந்த மனுஷரோடு முப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் செய்தவள் நான். ஹீட்டரைப் போடு மகளே.

முத்தங்களுடன்,
உன் அம்மச்சி சோசம்மா