லெதர் ஜாக்கெட்டின் இரண்டாவது கை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் மகளும் நோய் நொடி இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் அதேபோல் இருக்க வேண்டும் என்றுதான் காலையில் கண் விழித்ததும் முதலில் நினைத்துக்கொள்கிறேன். நீ சுகமாக இருக்கிறாய் என்பது போன மாதம் நீ எல்லோருக்கும் அனுப்பிய போட்டோவிலேயே தெரிந்துவிட்டது, கழுத்துக்கும் தாடைக்கும் நடுவில் இருந்த எல்லைக்கோட்டைக் காணோம். மருமகளின் முதுகுவலி குறைந்ததா, நீ பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா என்று எழுது. மாடிக் குழாய் ஒழுகுவதை ஒருவழியாகச் சரி செய்துவிட்டார்கள், இப்போது கீழ்க்குழாய் ஒழுகுகிறது. இதெல்லாம் இருக்கட்டும், அந்தப் போட்டோவில் நீ போட்டிருக்கிற லெதர் ஜாக்கெட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

விமானம் ஓட்டுகிறவர்கள் போடுகிற ஜாக்கெட்டாம், நெஞ்சில் இறக்கை விரித்த கழுகாம், இரண்டு தோளிலும் படைச் சின்னமாம், காரில் சாய்ந்த சாய்ப்பும் கறுப்புக் கண்ணாடியும் வேறு. நீ ஓட்டுவது ஆபீஸ் நாற்காலி, அதற்குச் சக்கரம் இருப்பது எனக்குத் தெரியும், இறக்கை எப்போது முளைத்தது? எதிர்வீட்டு டீச்சர் போட்டோவைப் பார்த்துவிட்டு, உங்க பையன் எப்பங்க பைலட் ஆனாரு என்று கேட்டார். பைலட் ஆனது பேத்தி, பையன் சட்டை மட்டும் வாங்கியிருக்கான் என்று சொல்லி அனுப்பினேன். இருபத்தாறு வருஷம் லெதர் கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்தவள் நான், என்னிடமே ரெக்சினைத் தோல் என்று காட்டுகிறாய். தோலாக இருந்தால் முழங்கை மடிப்பில் உள்ளங்கை ரேகை மாதிரி சுருக்கம் விழும், உன்னுடையது பிளாஸ்டிக் வாளி மாதிரி மினுங்குகிறது. இரண்டு குளிர்காலம் போகட்டும், பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி உரியும், அப்போது ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

விடுமுறையில் வந்திருந்த உன் மகளிடமும் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அப்பா எந்தப் படையில இருக்காருன்னு கேளு பாட்டி, வலது தோள்ல இருக்கிற படையும் இடது தோள்ல இருக்கிற படையும் ஒண்ணு மேல ஒண்ணு குண்டு போட்டுக்கிட்ட படைங்க, நடுவுல இருக்கிற தலையைப் பத்திரமா வெச்சுக்கச் சொல்லு என்று சிரித்தாள். சிரித்து முடித்த பிறகும் போனைத் திருப்பித் தரவில்லை, அந்தப் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெலிகாப்டர் ஓட்டப் போகிறேன் என்று அவள் சொன்ன அன்றைக்கு நீ என்ன சொன்னாய் என்று உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. நான் பெத்த பொண்ணு டிரைவர் வேலைக்கா போகணும், போறதா இருந்தா இனிமே எனக்குப் போன் பண்ணாதே என்றாய். இரண்டு வருஷம் ஆகிறது. அவளும் உன் ரத்தம்தானே, நீ சொன்னபடியே போன் பண்ணவில்லை. டிரைவர் வேலை கேவலம், டிரைவர் சட்டை மட்டும் கௌரவமா மகனே? இதற்கு நீ பதில் எழுத வேண்டாம், கண்ணாடி முன்னால் நின்று உனக்கு நீயே சொல்லிக்கொள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் பொடிசு பயிற்சியை முடித்துவிட்டாள். இன்னும் பொடிசு என்றுதான் கூப்பிடுகிறேன், ஓர் அங்குலமாவது வளர்ந்திருந்தால்தானே பேரை மாற்றுவதற்கு. பயிற்சியில் தேறியவர்களுக்கு ராணுவத்தில் லெதர் ஜாக்கெட் கொடுக்கிறார்கள், இவளுக்கும் கொடுத்தார்கள். விடுமுறையில் வந்து போட்டுக் காட்டினாள். ஜாக்கெட் வந்து நின்றது, பெண்ணைக் காணோம். தோள் முழங்கைக்கு இறங்கிவிட்டது, விரல் நுனிகூட வெளியே தெரியவில்லை. இருக்கிறதிலேயே சின்னது இதுதான் மேடம், ஆம்பளைங்க அளவுக்குத் தெச்சது, நீங்க நல்லா சாப்பிட்டு உடம்பைத் தேத்துங்க என்று அங்கே உடுப்பு எடுத்துக் கொடுக்கிற ஸ்டோர்காரர் சொன்னாராம். உடுப்புக்கு ஏற்றபடி உடம்பை வளர்க்கச் சொல்கிற தையல் சாஸ்திரத்தை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். இதை மாட்டிக்கிட்டு எப்படிடி ஹெலிகாப்டர் ஓட்டுவே என்று கேட்டேன். ஓட்டும்போது இதைப் போட மாட்டோம் பாட்டி, அதுக்குத் தீப்பிடிக்காத துணியில தெச்ச உடுப்பு இருக்கு, இது கீழே இறங்கி நிக்கும்போது போடறது என்றாள். ஆகாயத்தில் இருக்கும்போது துணி, தரையில் நிற்கும்போது தோல். அப்படிப் பார்த்தால் நீயும் சட்டப்படிதான் போட்டிருக்கிறாய், தரையை விட்டு நீ எழும்பியதே இல்லையே.

அரசாங்கச் சொத்து பாட்டி, கையை வெச்சிடாதே என்று சொல்லிவிட்டுத்தான் மறுநாள் காலையில் அவள் சிநேகிதியைப் பார்க்கப் போனாள். அவள் தெருமுனை திரும்பும் முன்பே நான் கத்தரியை எடுத்துவிட்டேன். அரசாங்கமாக இருந்தால் என்ன, அளவு அளவுதான். தோலில் குண்டூசி குத்தக்கூடாது, குத்தினால் ஓட்டை ஆயுசுக்கும் மறையாது, அதனால் துணி காயப்போடும் கிளிப்பை வைத்துப் பிடித்துக்கொண்டு, இடுப்புப் பட்டியையும் மணிக்கட்டுப் பட்டியையும் பிரித்து, கையில் நாலு விரற்கடை, விலாவில் பக்கத்துக்கு மூன்று விரற்கடை வெட்டித் தைத்து, தையலுக்குப் பசை தடவிச் சுத்தியால் தட்டிப் படிய வைத்தேன். வந்து பார்த்தவள் முதலில் அலறினாள். பிறகு போட்டுப் பார்த்தாள். கையை முன்னால் நீட்டினாள், பக்கவாட்டில் நீட்டினாள், கண்ணாடி முன்னால் நின்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டாள். உன் மகள் அழகி என்று நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் அன்றைக்கு நீ பார்த்திருக்க வேண்டும்.

முகாமுக்குத் திரும்பினதும் வசமாக அகப்பட்டுக்கொண்டாள். அந்த ஸ்டோர்காரர் கண்ணுக்குச் சின்ன அளவு தெரியாது, தையல் பிரித்தது மட்டும் பத்தடி தூரத்திலேயே தெரிந்துவிட்டது. ராணுவ உடுப்பைச் சேதப்படுத்தியதற்கு விளக்கம் கொடுக்க வேண்டும், வெட்டியவரும் வர வேண்டும், வெட்டிய துண்டுகளும் வர வேண்டும் என்று உத்தரவு. நானும் துண்டுகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் பிடித்துப் போனேன். கமாண்டர் பெரிய மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார், அவருடைய லெதர் ஜாக்கெட் நாற்காலி முதுகில் தொங்கியது. பொடிசு சுவரோரம் விறைப்பாக நின்றாள், அவள் முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்ததும்தான் நான் என்ன காரியம் செய்துவைத்தேன் என்று எனக்கே உறைத்தது. ராணுவ உடுப்பை வெட்டச் சொல்லி யாரும்மா உங்களுக்குச் சொன்னது என்று கேட்டார். அளவா வெட்டிக் குடுத்திருந்தா நான் ஏங்க வெட்டப் போறேன் என்றேன். பக்கத்தில் நின்ற ஸ்டோர்காரர் இருமினார். கமாண்டர் ஜாக்கெட்டை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார், பழைய தையல் எது புதுத் தையல் எது என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஸ்டோர்காரரையும் பொடிசையும் வெளியே போகச் சொன்னார், கதவைச் சாத்தினார், குரலைத் தாழ்த்தி, அம்மா, என்னோடது அலமாரியில இருந்து இருந்து சுருங்கிப்போச்சு, ஜிப் ஏறமாட்டேங்குது, ஏதாவது செய்ய முடியுமா என்றார். ஆமாங்க, தோலு அப்படித்தான், அலமாரியில வெச்சா வயித்துப் பக்கம் மட்டும் சுருங்கும் என்றேன். மனுஷர் நல்லவர், சிரித்துவிட்டார். உன் மகள் உடுப்பில் வெட்டிய துண்டுகள்தான் பையில் இருந்தனவே, நிறமும் பொருந்தியது, விலாவுக்கு இரண்டு பட்டி வைத்துத் தருகிறேன் என்று அவரைச் சுற்றி டேப்பைப் போட்டேன். விளக்கம் கேட்ட காகிதம் குப்பைக்கூடைக்குப் போயிற்று.

டேப்போடு நான் நின்றுகொண்டிருந்தபோதுதான் மேஜையில் இன்னொரு காகிதம் கண்ணில் பட்டது. அடுத்த மாதம் இருபத்தொன்றாம் தேதி காலை ஒன்பது மணிக்கு அங்கே ஒரு விழா, பயிற்சி முடித்த ஒவ்வொருவருக்கும் குடும்பத்தில் ஒருவர் மைதானத்தில் எல்லோர் முன்னாலும் ஜாக்கெட்டை மாட்டிவிட வேண்டும். யார் மாட்டிவிடுவது என்ற இடத்தில் உன் மகள் கையெழுத்தில் பாட்டி என்று இருந்தது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, ஒரு நிமிஷம். பிறகு பார்த்தால் அந்த எழுத்தைச் சுற்றி மை பரவியிருக்கிறது. அந்த இடத்தில் முதலில் பென்சிலில் வேறு ஏதோ எழுதி, ரப்பர் போட்டு, தாள் மெலிந்து போகும்வரை தேய்த்திருக்கிறாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். அப்பா என்று இருந்தது.

என் வலது கை தோளுக்கு மேலே எழும்பி மூன்று வருஷம் ஆகிறது, மெஷின் மிதித்த காலத்துச் சீதனம், உனக்குச் சொன்னதில்லை. அதனால் கமாண்டரிடம், ஜாக்கெட்டுக்கு ரெண்டு கை இருக்கே, ரெண்டு பேர் நின்னா ராணுவம் கவுந்துடுமா என்று கேட்டேன். இடுப்பில் டேப் இருக்கும்போது யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். சரி, இன்னொரு பேரையும் எழுதிடுங்க என்று பேனாவை நீட்டினார், யாரும் வராவிட்டால் ஸ்டோர்காரர் நிற்பார், அதுதான் வழக்கம் என்றார். நான் பேனாவை வாங்கவில்லை. உன் பேரை நான் எழுதிவிட்டு நீ வராமல் போனால், அன்றைக்கு மைதானத்தில் அதை உரக்க வாசிப்பார்கள், அவள் திரும்பி வாசலைப் பார்ப்பாள். அதை நின்று பார்க்க என்னால் ஆகாது. அந்த இடம் காலியாகவே இருக்கிறது, பொடிசுக்கு இது தெரியாது. நீயே அவளைக் கூப்பிட்டு வருகிறேன் என்று சொல், அவள் கையால் எழுதிக்கொள்ளட்டும். வர முடியாது என்றால் கூப்பிடவே வேண்டாம், ஒரு பக்கத்தை நான் பிடித்துக்கொள்கிறேன், இன்னொரு பக்கத்தை, உடம்பைத் தேத்துங்க என்று சொன்ன அந்த மனிதர் பிடித்துக்கொள்வார்.

நீயும் மருமகளும் நீண்ட ஆயுளோடு இருங்கள், உடம்பு நன்றாகத் தேறட்டும், பிடிவாதம் கொஞ்சம் இளைக்கட்டும். மறக்காதே, முகாமில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஏழு மணி வரைதான் அவளுக்குப் போன் கையில் கிடைக்கும். அப்போது அங்கே உனக்கு என்ன மணி என்று கழித்துப் பார்த்துக்கொள், அஞ்சாம் வகுப்புக் கணக்குதான், நானே போட்டுப் பார்த்துவிட்டேன், நீ ஆபீசுக்குக் கிளம்புகிற நேரம். ஒரு நாளைக்குத் தாமதமாகப் போ.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள், அவளுடைய பாட்டி