வாசல் வெளிச்சத்தில் மயில் கழுத்து நிறம்

இன்று மத்தியானம் கடையில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடுவதற்குள் ஒரு அம்மா கையிலிருந்த புடவையோடு வாசலுக்குப் போய், அதை வெயிலில் விரித்துப் பார்த்தார். புதுப் புடவையின் கஞ்சி வாசனை என் கவுண்டர் வரை வந்தது. உன் ஞாபகம் வந்துவிட்டது.

ஒன்பதாவதோடு நின்று, மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து பஸ் ஏறி இந்தக் கடலூர் புடவைக் கடைக்கு நான் வேலைக்கு வந்த அதே வாரம், செம்மண்டலத்திலிருந்து நீயும் வந்தாய். நமக்கு முதலில் சொல்லித் தந்தது புடவை மடிக்க இல்லை, கூடி நிற்க. கஸ்டமர் தடுமாறினால் பக்கத்துக் கவுண்டர் பெண்கள் வந்துவிட வேண்டும். ஒருத்தி, "உங்க கலருக்கு எடுப்பா இருக்குக்கா" என்பாள். அடுத்தவள், "நானும் அதான் நெனச்சேன்" என்பாள். மூன்றாவது ஆள் தலையாட்டினால் போதும். பேச வராத நான்தான் எப்போதும் மூன்றாவது ஆள். என் தலை அசைந்ததும் பில் போடப் போய்விடுவார்கள். வாயே திறக்காத பெண் பொய் சொல்ல மாட்டாள் என்று நினைத்திருக்கலாம்.

"உன் தலைக்குத் தனியா கமிஷன் கேளுடி" என்பாய்.

நீயும் எங்களோடு கூடி நின்றவள்தான். ஒரு நாள் ஒரு கல்யாணப் பெண் வந்தாள். அவளுடைய சித்தி, பெரியம்மா, நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே புடவையைப் புகழ்ந்தோம். அவள் முகம் வாடியிருந்தது. நீ அதை எடுத்து அவள் கையில் கொடுத்தாய். "ட்யூப்லைட்ல கலர் தெரியாது. வாசல்ல போய்ப் பாருங்க. நீங்க மட்டும் போங்க." உள்ளே நீலமாக இருந்த மயில் கழுத்து நிறம் வெளியே பச்சையாக இருந்தது. திரும்பி வந்து, வேண்டாம் என்றாள்.

"நீ யாருக்கும்மா வேல பாக்கற, கடைக்கா, அவுங்களுக்கா?" என்று சூப்பர்வைசர் கேட்டார்.

"புடவைக்கு சார்" என்றாய். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மஞ்சள் காமாலையில் நீ போய்ச் சேர்ந்த பிறகு, சிதம்பரத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அவர்கள் பஸ் ஏறியதும் வீட்டில் எல்லோரும் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"பையன் தங்கம். சாயங்காலமே போன் பண்ணி சரின்னுடலாம்" என்றார் மாமா.

"நானும் அதான் நெனச்சேன்" என்றாள் அத்தை.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். என் தலை வழக்கம்போல அசையப் போனது. இந்த முறை கஸ்டமர் நான்தான் என்று அப்போது புரிந்தது.

தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு, பின்வாசலில் போய்த் தனியாக நின்றேன். பையன் மேல் குறை எதுவும் இல்லை. எனக்குக் கல்யாணம்தான் அப்போது வேண்டாமாக இருந்தது. உள்ளே வந்து, "இப்ப வேணாம் மாமா" என்றேன். மாமா எழுந்து போய்விட்டார். வெகுநாள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

"யாரு சொல்லிக் குடுத்தாடி இதெல்லாம்?" என்று அம்மா கேட்டாள். யாரும் இல்லை என்றேன். நீ எனக்கு எதுவும் சொல்லித் தரவில்லைதான். யாரோ ஒரு பெண்ணிடம் நீ சொன்னபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன், அவ்வளவுதான்.

இன்று அந்த அம்மா உள்ளே வந்தபோது கரண்டும் வந்தது. பெண்கள் இரண்டு பேர் பேசி முடித்தார்கள். அவர் மூன்றாவதாக என்னைப் பார்த்தார். நான் தலையாட்டவில்லை.

"வெளிச்சத்துல உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சிது?" என்று கேட்டேன்.