மேருவில் அணைக்காத சர்வர்

அன்புள்ள வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இருமல் குறைந்ததா? பிரிக்ஃபீல்ட்ஸில் நான் சுகம்தான்.

எங்கள் மேனேஜர் தயாளன் நிபுணராம். அவருடைய விசிட்டிங் கார்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது. மேரு என்ற ஊரில் இருக்கும் எங்கள் கிடங்கின் சர்வருக்குள், அதைத் தூரத்திலிருந்தே இயக்க ஒரு சின்னக் கருவி உண்டு. இரண்டு வருடமாக அதற்கு நெட்வொர்க் முகவரியே கொடுக்காமல் ஓட்டியிருக்கிறார். நேற்று அதைச் சரிசெய்ய இருவரும் அங்கே போனோம்.

"சர்வரை ஆஃப் பண்ணாம முகவரி கொடுக்க முடியாது லா," என்றார்.

அணைத்தால் அதில் ஓடும் பதினெட்டு மெய்நிகர் கணினிகளும் நின்று, லாரிகள் வாசலில் காத்துக் கிடக்கும்.

"சர்வர் ஓடும்போதே அதுக்குள்ளேர்ந்து செட் பண்ணலாம், பாஸ்," என்றேன்.

"இந்தியாவுல அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்களா?" என்று சிரித்தார்.

நான் நான்கு வரிக் கட்டளை தட்டினேன். ஐந்தே நிமிடத்தில் கருவி பதில் சொன்னது. ஒரு லாரியும் நிற்கவில்லை. உடனே தயாளன் முதலாளிக்கு போன் போட்டார்: "ஆஃப் பண்ணாமலே முடிச்சிட்டேன், பாஸ்!"

எனக்குக் கோபம்கூட வரவில்லை, வாப்பா. கோபப்படும் அளவுக்கு அந்த ஆளிடம் ஒன்றுமில்லை.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் உம்மாவின் மீன் மசாலா கொடுத்துவிடுங்கள். இங்கே மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் கிடைக்கிறது, ஆனாலும் அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை போனைச் சீக்கிரம் வைத்துவிடாதீர்கள்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. இதை மாமாவிடம் சொல்லும்போது, செய்தது நான்தான் என்று சொல்லுங்கள். இங்கே யாரும் சொல்லவில்லை.

உங்கள் மகள்,
ருக்சானா