இந்திர சபையில் பூ விழும்

நங்கையா,

தசராவுக்கு வந்தவர்களெல்லாம் நேற்று ரயிலேறிவிட்டார்கள். அவர்கள் படுத்த பாய்களைச் சுருட்டிப் பரணில் ஏற்றிவிட்டு, கடைசியாக உங்கள் காக்கிப் பையையும் வைக்கப் போனேன். உங்கள் தம்பியின் பழைய பட்டறைக் கால்சட்டையை வெட்டி நீங்கள் தைத்த செருப்புப் பை. வாயைத் திறந்ததும் தோலும் காய்ந்த சேறும் கலந்த அந்த வாடை அடித்தது. ஏணியிலிருந்து இறங்கிக் கீழே உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளே உங்கள் துணி நாடாக்கள் அப்படியே இருக்கின்றன. சிவப்பு, பச்சை, கோடு போட்டது என்று ஒவ்வொரு ஜோடிச் செருப்புக்கும் ஒன்று. அடியில் ஒரு வெள்ளை நாடா. அது உங்கள் செருப்புக்கு. எட்டுத் தசராவில் ஒரே ஒரு தடவைதான் அதற்கு வேலை வந்தது. அந்த முடிச்சைப் போட்டவள் நான்.

என் கணவரின் அக்கா நீங்கள். பத்தொன்பது வயதில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, ஒரு தகரப் பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். நான் கொள்ளேகாலிலிருந்து கல்யாணமாகி இந்த ரயில்வே குடியிருப்புக்கு வந்தபோது உங்களுக்கு முப்பது இருக்கும். எங்கள் பக்கத்து வழக்கப்படி உங்களை நங்கையா என்றேன். நீங்கள் என்னை அம்மிணி என்றீர்கள். இருந்தது ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, ஒரு முற்றம். அதில் உங்களுக்கென்று இருந்தது அரைகல்லும் அந்தத் தகரப் பெட்டியும்தான்.

ஆனால் தசரா வந்துவிட்டால் நீங்கள்தான் ராணி. மைசூரில் வீடு வைத்திருப்பவனுக்கு அந்தப் பத்து நாளில் எத்தனை சொந்தம் முளைக்கும் என்று மைசூர்க்காரர்களுக்குத்தான் தெரியும். சத்தியமங்கலம், அனூர், ஈரோடு என்று பெட்டியும் பிள்ளைகளுமாக வந்து இறங்குவார்கள். யானை ஊர்வலத்தைப் பார்க்க எந்தக் கிறுக்கனும் வழி சொல்லிவிடுவான். பொருட்காட்சி மைதானத்தின் கோடியில் இருந்த மாயலோகத்துக்கு மட்டும் உங்கள் யோசனை வேண்டும்.

மூங்கிலும் சாக்கும் சுண்ணாம்புமாகக் கட்டிய லோகம் அது. வாசலே ஓர் அரக்கனின் வாய். நாக்கில் ஏறி உள்ளே போக வேண்டும். கண்ணாடி அறை, நாகலோகம், மேகங்களுக்கு நடுவே ஒரு தொங்குபாலம், கடைசியில் இந்திர சபை. தேவர்கள் இருக்கிற இடம், செருப்போடு வரக் கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். பெயிண்ட் அடித்த தரையில் சேறு ஒட்டிவிடும் என்ற பயம்தான், வேறென்ன. எப்படியானாலும் ஒருவர் வெளியே இருந்து செருப்புக்குக் காவல் காக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்று எங்கள் வீட்டில் யாரும் யோசித்ததே இல்லை. வெள்ளைச் சீலை கட்டியவர் வேடிக்கை பார்க்க உள்ளே போகக் கூடாதென்று யாரும் வாய் திறந்து சொன்னதுமில்லை. சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை.

முந்தின நாளே எல்லோரையும் முற்றத்தில் உட்காரவைத்து ஆரம்பிப்பீர்கள். நாலு மணிக்கெல்லாம் போய்விட வேண்டும், விளக்குப் போட்டார்களென்றால் கூட்டம் நெருக்கும். வயிறு நிறையத் தின்றுவிட்டு ராட்டினம் ஏறக் கூடாது. கண்ணாடி அறையில் எதிரே வருகிற மூஞ்சியைப் பார்க்காமல் தரையைப் பார்த்து நடந்தால் மோதிக்கொள்ள மாட்டீர்கள். நாகலோகத்தில் இடது பக்கமாகவே போங்கள், வலது பக்கத்துப் பாம்பு தண்ணீர் பீச்சும். பாலம் ஆடும், ஆனால் விழாது. பிள்ளைகளைப் பார்த்துக் குரலை மாற்றிச் சொல்வீர்கள்: "தொலஞ்சு போயிட்டா யாரையும் தேடாதீங்க, கண்ணுகளா. நேரா அரக்கன் வாய்க்கு வந்துருங்க. நான் அங்கயேதான் இருப்பேன்."

கேட்பவர்கள் நீங்கள் நூறு தடவை உள்ளே போனவர் என்றே நினைப்பார்கள். ஒரு தடவைகூடப் போனதில்லை. வெளியே வருகிற ஒவ்வொருவரையும், செருப்பை அவிழ்த்துக் கொடுத்துக்கொண்டே, விசாரித்துச் சேர்த்த விஷயம் அவ்வளவும்.

கடைசி யோசனையை எப்போதும் கொஞ்சம் நிறுத்திச் சொல்வீர்கள். "இந்திர சபைக்குப் போனதும் ஓடியாந்துராதீங்க. செத்த நேரம் நில்லுங்க. மேலருந்து பூ விழும்."

அது பொய், நங்கையா. உங்களுக்கு அதைச் சொன்னவள் நான்.

சுதந்திரம் வந்த மறு வருடம், எனக்குத் தலை தசரா. அன்று நீங்கள் கட்டிக் கொடுத்த செவ்வந்தியை வைத்துக்கொண்டு உங்கள் தம்பியோடு உள்ளே போனேன். அந்த ஓரறை வீட்டில் கல்யாணமாகி மூன்று மாதத்தில் நாங்கள் இருவரும் தனியாக நின்று பேசியதுகூட இல்லை. இந்திர சபையில் முன்னால் போன கூட்டம் வெளியேறிவிட்டது, பின்னால் வருகிற கூட்டம் பாலத்தில் இருந்தது. உங்கள் தம்பி அதற்குமேல் இந்திரனையும் பார்க்கவில்லை, ரம்பையையும் பார்க்கவில்லை. நான் வெளியே வரும்போது செவ்வந்தி நசுங்கித் தோளெல்லாம் மஞ்சள் இதழாகக் கொட்டிக் கிடந்தது. எனக்கு அது தெரியாது.

"என்ன அம்மிணி, மேலெல்லாம் பூவு?" என்று கேட்டீர்கள். பக்கத்தில் ஈரோட்டுச் சித்தப்பா, அவர் மாமியார், இன்னும் யார் யாரோ நின்றார்கள். பதினெட்டு வயதுக்காரி என்ன சொல்வாள்? உள்ளே இந்திர சபையில் மேலிருந்து பூ போடுகிறார்கள் என்றேன். உங்கள் தம்பி இருமிக்கொண்டு கடலைக்காரன் பக்கம் போய்விட்டார்.

நீங்கள் சிரிப்பீர்கள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என் தோளில் இருந்து ஓர் இதழை எடுத்துப் பார்த்தீர்கள்.

"எல்லார் மேலயுமா?"

"ஆமாங்க நங்கையா. நிக்கிற எல்லார் மேலயும்."

அந்தப் பதிலைச் சொன்ன நாக்கு இன்னும் இந்த வாயில்தான் இருக்கிறது. எனக்கு அப்போது உறைக்கவில்லை. வருடம் முழுக்க என் தலைக்குப் பூக் கட்டுகிறவர் நீங்கள். உங்கள் தலையில் பூ ஏறிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நீங்களாக எடுத்து வைத்தால் ஊர் பேசும். மேலிருந்து தானாக விழுந்தால் யார் என்ன சொல்ல முடியும்? அதைத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

அடுத்த வருடம் அந்தப் பொய் உங்கள் யோசனைகளில் சேர்ந்துவிட்டதைக் கேட்டபோது திடுக்கிட்டேன். உங்கள் தம்பியிடம் சொன்னேன். "விடு, அக்கா மறந்துரும்" என்றார். நீங்கள் மறக்கவில்லை. பூ விழவில்லையே என்று வந்து சொன்னவர்களிடம், நின்று பார்க்கப் பொறுமை இல்லை என்று கடிந்துகொண்டீர்கள். அதைப் பார்த்ததும் எனக்கு இன்னொரு புத்தி போயிற்று. பிள்ளைகளோடு நான் உள்ளே போகும்போதெல்லாம், இந்திர சபை இருட்டில் என் தலையிலிருந்து இரண்டு செவ்வந்தியைப் பிய்த்து அவர்கள் மேல் தூவிவிடுவேன். அவர்கள் கூச்சல் போட்டுக்கொண்டு வெளியே ஓடி வருவார்கள். நீங்கள் ஒவ்வொரு தலையாகத் தொட்டுப் பார்ப்பீர்கள். நல்ல காரியம் செய்ததாக நினைத்துக்கொண்டேன். உங்களிடம் உண்மையைச் சொல்லாததற்கு முதல் வருடம் வெட்கம், இரண்டாம் வருடம் சோம்பல், அப்புறம் பயம். இப்படியே ஆறு தசரா போயிற்று.

ஏழாவது தசராவுக்கு முன்பே உங்களுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. இதயம் பலவீனம், பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். விருந்தாளிகள் வந்த அன்று, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டீர்கள்.

"இந்த வருசம் செருப்ப நீ பாத்துக்கிறயா அம்மிணி? நான் ஒரு தடவ உள்ள போயிட்டு வாரேன்."

அந்த வீட்டில் நீங்கள் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஒரு புதுச் சீலை, ஒரு டம்ளர் காபி கூடுதலாக, எதுவுமே. அப்போதே சொல்லியிருக்கலாம். நான் பால் பொங்குகிறது என்று அடுப்படிக்கு ஓடினேன். அடுப்பில் பாலே இல்லை.

அன்று மாயலோக வாசலில் செருப்பைக் கழற்றித் தூசி தட்டி, வெள்ளை நாடாவோடு என் கையில் கொடுத்தீர்கள். என் மடியில் காய்ச்சலோடு என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். விருந்தாளிகள் முன்னால் போனார்கள். நீங்கள் அரக்கன் நாக்கில் காலை வைத்துவிட்டு ஒரு கணம் நின்று, தலையில் போட்டிருந்த முக்காட்டை இறக்கித் தோளில் விட்டீர்கள். தலைக்கு எண்ணெய் வைத்து வாரி இறுக்கி முடிந்திருந்தீர்கள். பூ விழுவதற்காகத் தலையைத் தயார் செய்துகொண்டு போகிறீர்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

என் தலையில் ஒரு முழம் செவ்வந்தி இருந்தது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடியிருக்கலாம். இருட்டில் ஒரு கை இதழ் தூவ எவ்வளவு நேரம் ஆகும்? செருப்பு போனால் போகட்டும், ஒன்பது ஜோடிச் செருப்பு என்ன பெரிய செருப்பு? நான் எழுந்திருக்கவில்லை. நீங்கள் திரும்பிப் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று உட்கார்ந்திருந்தேன். என்னைக் காப்பாற்றிக்கொண்டேன், அவ்வளவுதான்.

உங்களோடு போனவர்கள் வந்துவிட்டார்கள். பெரியம்மா கடைசி அறையிலேயே நிற்கிறார்கள், கூப்பிட்டாலும் வரவில்லை என்றார்கள். அடுத்த கூட்டம் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. சாக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் காவல்காரன் கன்னடத்தில் அதட்டுவது கேட்டது. "முந்தே ஹோகம்மா, எஷ்டு ஹொத்து நில்தீயா?" முன்னால் போகச் சொன்னான், எவ்வளவு நேரம்தான் நிற்பாய் என்று கேட்டான். நான் என் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தீர்கள். முக்காடு தோளிலேயே கிடந்தது. வெறும் தலை. எங்களோடு வந்திருந்த ஒரு சின்னப் பெண் ஓடிப்போய் உங்கள் கையைப் பிடித்து, பூ விழுந்ததா என்று கேட்டாள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். என் முகத்தை அல்ல, என் தலையில் இருந்த செவ்வந்தியை. அன்று காலை நீங்களே கட்டியது. அதைப் பார்த்து முடித்துவிட்டு அவளிடம் சொன்னீர்கள்.

"விழுந்துச்சு கண்ணு. நெம்ப நல்லா இருந்துச்சு."

முக்காட்டை எடுத்துப் போட்டுக்கொண்டீர்கள். செருப்பை மாட்டிக்கொள்ளக் குனிந்தபோது மூச்சு வாங்கியது. நான் நாடாவை அவிழ்த்துக் கொடுத்தேன். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் ஜட்காக்காரனிடம் குதிரைக்குப் புல் என்ன விலை விற்கிறது என்று பேசிக்கொண்டு வந்தீர்கள். ஒரு சுடுசொல் சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். மறுநாள் காலை வழக்கம்போல எனக்குப் பூக் கட்டி வைத்திருந்தீர்கள்.

அடுத்த தசரா உங்களுக்குக் கடைசி. முற்றத்தில் எல்லோரையும் உட்காரவைத்து யோசனை சொன்னீர்கள். பாலம் ஆடும், ஆனால் விழாது என்றதோடு நிறுத்திவிட்டீர்கள். முன்பே கேட்டுத் தெரிந்த பிள்ளை ஒன்று, "கடைசி அறையில..." என்று எடுத்துக் கொடுத்தது.

"கடைசி அறையில ஒண்ணுமில்ல. வழியப் பாத்து வெளிய வந்துருங்க."

நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பவில்லை. அந்த மார்கழியில் நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள். பெரியாஸ்பத்திரியில் நான்கு நாள் உங்கள் கட்டில் பக்கத்தில்தான் இருந்தேன். உங்களுக்கு நினைவு நன்றாகவே இருந்தது. சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு தடவை வாயெடுக்கும்போதும், தண்ணீர் வேண்டுமா என்றுதான் கேட்டேன். மாலை போட்டுத்தான் எடுத்துப் போனார்கள். அதைப் பார்க்கத் தெம்பில்லாமல் முற்றத்துக்குப் போய்விட்டேன்.

இந்த வருடம் சத்தியமங்கலத்துச் சாந்தா வந்திருந்தாள். பத்து வயதில் வந்தபோது நான் பூத் தூவிவிட்ட பிள்ளை. வைகாசியில் கல்யாணமாகி, புருஷனோடு வந்திருக்கிறாள். மாயலோகம் இன்னும் இருக்கிறது, அரக்கனுக்கு ஒரு பல் மட்டும் இல்லை. உங்கள் யோசனைகளையெல்லாம் அவளிடம் வரிசையாகச் சொன்னேன். பாலத்தோடு நிறுத்தினேன்.

"பூ விழுமே அத்தை, அத விட்டுட்டீங்களே. எனக்கு விழுந்துச்சே."

"இல்ல சாந்தா. அது என்ற தலையில இருந்து நான் எடுத்துப் போட்டது. அங்க எப்பவும் எதுவும் விழுந்ததில்ல."

"அப்படியா" என்று சிரித்துவிட்டுப் புருஷனோடு உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான், நங்கையா. இவ்வளவு சுலபமாக முடிந்துபோகிற பேச்சு. அதை உங்களிடம் சொல்ல எனக்கு எட்டுத் தசராவும் ஆஸ்பத்திரியில் நான்கு நாளும் போதவில்லை. இப்போது யாரிடம் சொன்னாலும் உங்களிடம் சொன்னதாகாது. இந்த மடலும் அப்படித்தான், எங்கே அனுப்புவது?

சாந்தா வெளியே வந்தபோது அவள் தோளில் பூ உதிர்ந்து கிடந்தது. பச்சை நாடாவை அவிழ்த்துச் செருப்பைக் கொடுத்தேன்.

எல்லோரும் ராட்டினத்துக்குப் போன பிறகும் நான் உங்கள் பையை மடித்து வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். தொலைந்து போனால் யாரையும் தேடாதீர்கள், நேரே அரக்கன் வாய்க்கு வந்துவிடுங்கள், நான் அங்கேயேதான் இருப்பேன் என்று சொல்வீர்களே. வந்து நின்றேன், நங்கையா. விளக்குப் போடுகிற வரைக்கும் நின்றேன். நீங்கள் அங்கே இல்லை.