மணப்பெண் நாற்காலி

வீட்டு மகாராணியின் சமூகத்துக்கு உன் வீட்டுக்காரன் எழுதிக்கொண்டது. நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். நீயும் உன் முழங்கால் வலியும் சௌக்கியமா?

இங்க கல்யாணப் படம் எடுக்கிறவர்கிட்ட லைட் பிடிக்கிற வேலைதானே எனக்கு? பொண்ணு மாப்பிள்ளை வர்றதுக்கு முன்னாடி, வெளிச்சம் சரியா விழுதான்னு பார்க்க என்னை மாப்பிள்ளை நாற்காலியில உட்கார வச்சுப் படம் எடுப்பார். வாராவாரம் நான் மாப்பிள்ளை, வயிறு எரியாதே! பக்கத்து நாற்காலி எப்பவும் காலிதான்.

நேத்துக் காலையில அப்படி எடுத்துட்டு, "யாருய்யா அந்தம்மா? எந்திரிக்கச் சொல்லு"ன்னார். திரும்பிப் பார்த்தேன், மண்டபத்துல நாங்க ரெண்டு பேர்தான். கேமராவைக் காட்டினார். பொண்ணு நாற்காலியில ஈரத் தலையோட நீ உட்கார்ந்திருக்கே. மறுபடி எடுத்தார். அதுல என் தோள்ல சாஞ்சிருக்கே. இவ்வளவு தூரம் வந்தும் மூஞ்சியை உர்ருன்னுதான் வச்சிருந்தே, போ. "அழிச்சிடவா?"ன்னு கேட்டார். கையைப் பிடிச்சுத் தடுத்துட்டேன். என் சட்டைத் தோள் நனைஞ்சிருந்துச்சு. வேர்வையாத்தான் இருக்கும்.

கொஞ்ச நாளா எப்பப் போன் பண்ணினாலும் பெரியவதான் எடுக்கிறா. அம்மா தூங்குறாங்கங்கிறா. நீ பகல்ல தூங்குற ஆளா? கும்பகர்ணன்கூட நடுவுல எந்திரிச்சான்டி.

யாராவது இந்தப் பக்கம் வந்தா ரெண்டு கைலியும் தலைவலித் தைலமும் குடுத்து விடு. பதிலை மட்டும் நீயே எழுது. பெரியவ கையெழுத்து முத்து முத்தா இருக்கும், எனக்கு அது வேண்டாம். வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார், கிளம்புறேன். உன் கோழிக் கிறுக்கல்ல 'இருக்கேன்'னு ஒரு வார்த்தை போதும்.