எலிகளுக்கு வழி தெரிஞ்சது

நவம்பர் 10, திங்கள்
விடாத மழை. மூலக்குளம் ரோட்டுல தண்ணி, வண்டி ரெண்டு தடவ நின்னுபோச்சு. லேபுக்கு லேட்.

ஆனா நல்ல சேதி. எலிக்கூண்டெல்லாம் பாத்துக்கற ரஹீம் வாசல்லயே பிடிச்சிக்கிட்டான். "மேடம், நம்ம பெப்டைட் ஊசி போட்டதெல்லாம் தண்ணிக்குள்ள இருக்கற மேடைய கண்டுபிடிச்சிடுச்சு! போடாதது இன்னும் சுத்திச் சுத்தி நீந்துது."

மறதி நோய் வரவச்ச எலிங்க. வழி ஞாபகம் வந்துடுச்சு. மாடிப்படியில நின்னு அழுதேன்.

வீட்ல இவர்கிட்ட சொன்னேன். சிரிச்சார். "எந்த எலி?" இத்தனை வருஷம் பஸ் ஓட்டின மனுஷன். அம்பத்தி நாலு வயசு. பாத்ரூம் எந்தப் பக்கம்னு கேக்கறார்.

நவம்பர் 12, புதன்
தோசை மாவு. இவர் மாத்திரை. கேஸ் புக் பண்ணணும்.

பகல்ல இவரப் பாத்துக்க முதலியார்பேட்டையிலேர்ந்து அண்ணி வர்றாங்க, இவரோட அக்கா. இன்னிக்கு நேராவே கேட்டுட்டாங்க.

"நீதான செய்யற அந்த மருந்த? எந்தம்பிக்கு ஒரு ஊசி போட்டா என்ன?"

"மனுசங்களுக்கு இன்னும் போட்டுப் பாக்கல அண்ணி. புரதத்துல சின்னத் துண்டு அது. மூளையில கசடு சேராம தடுக்கும். உடம்புல வேற என்ன பண்ணும்னு தெரியாது."

"தெரியறதுக்குள்ள அவன் இருப்பானா?"



நவம்பர் 13, வியாழன்
வெயில். லேப்ல யாரும் இல்லாத நேரம் ஃப்ரிட்ஜத் திறந்து ஒரு குப்பிய எடுத்து பையில வச்சேன். வாசல்வரைக்கும் வந்தேன். திரும்பிப் போய் வச்சிட்டேன்.

பயமா, நேர்மையா? தெரியல. அண்ணி முகத்தப் பாக்க முடியல.

நவம்பர் 18, செவ்வாய்
எலிங்களுக்கு கிட்னி போயிடுச்சு. டோஸ் கூட்டின கூண்டுல பாதிக்கு மேல செத்துக் கெடக்குது. ரஹீம் கையக் காட்டினான்.

டைரக்டர்: "இது இத்தோட சரி. வேற ஒண்ணுலேர்ந்து ஆரம்பிப்போம்."

ஆரம்பிக்கலாம். வருஷக்கணக்காகும். இவருக்கு?

அன்னிக்கு அந்தக் குப்பி வீட்டுக்கு வந்திருந்தா...

அண்ணிகிட்ட சொன்னேன். என் தலைய தோள்ல சாய்ச்சிக்கிட்டாங்க.

நவம்பர் 20, வியாழன்
தூறல். அண்ணி கெளம்பினப்புறம் இவர் பக்கத்துல உக்காந்து அழுதுட்டேன். அடக்க முடியல. எழுந்து போய் தண்ணி கொண்டாந்து மரியாதையா நீட்டினார்.

"அழாதீங்க மேடம். எம் பொண்டாட்டி மருந்து கண்டுபிடிக்கறா. உங்க வீட்ல யாருக்காவது சரியில்லன்னா அவகிட்ட கேளுங்க."

தயங்கித் தயங்கி: "இருட்டப் போவுது. அவ வர்ற நேரம். நீங்க கெளம்புங்க, தப்பா நெனச்சிக்கப் போறா."

கெளம்பினேன். செருப்ப மாட்டிக்கிட்டு கேட்டுக்கு வெளிய நனைஞ்சபடி நின்னேன். அப்புறம் வந்து பெல் அடிச்சேன்.

கதவத் திறந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"வந்துட்டியா சுமதி? இப்பத்தான் ஒரு மேடம் வந்துட்டுப் போனாங்க. பாவம், ரொம்ப அழுதாங்க."