அண்ணன் போட்ட டீம்

14-7-1994, வியாழன். ஸ்ரீவில்லிபுத்தூர்.

அண்ணனின் மில்லில் புது இயந்திரம் பூட்ட வந்திருக்கும் ஜப்பானியருக்கு இன்று இராஜபாளையத்தில் விருந்து. ஆங்கிலம் பேச நான் போக வேண்டியதாயிற்று. என் மகள் செல்வியும் வந்தாள்.

விருந்தாளி தன் மகளின் படத்தைக் காட்டினார். காலையில் தொழிற்சாலையில் வேலை, மதியத்துக்குமேல் அதே தொழிற்சாலையின் அணிக்குக் கால்பந்து. கோல் அடிக்கும் முன்வரிசை ஆட்டக்காரி. ஆடும் நேரத்துக்கும் சம்பளம் உண்டாம்.

"ஏட்டி செல்வி, நீயும் காலேஜுல ஃபார்வர்டுதான? நம்ம மில்லுலயும் பொம்பளப் பிள்ளைகளுக்கு ஒரு டீம் போட்டுருவோம். உனக்கு வேலையும் உண்டு" என்ற அண்ணன் என் பக்கம் திரும்பி, "அவியகிட்ட சொல்லும்மா" என்றார். சொல்லித் தொலைத்தேன். விருந்தாளி எழுந்து செல்வியின் கையைக் குலுக்கினார்.

செல்வியின் படிப்பு முடிந்ததும் பந்தை மூட்டை கட்டச் சொன்னவரும் இதே அண்ணன்தான். வெற்றிலை போடும்போது தனியாகக் கேட்டேன். "டீம் எப்பண்ணே?"

"வந்த மனுசன் முன்னால ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நீ ஒருத்தி, அதப் போயி பிடிச்சுக்கிட்டு."

செல்வி நம்பிவிட்டாள். நான் பெற்றவள் எப்படித்தான் நம்பினாளோ. பஸ்ஸில் ஊர் வரும்வரை யார் யாரைச் சேர்க்கலாம் என்றே பேச்சு. இப்போது கிணற்றடியில் பூட்ஸ் கழுவுகிறாள்.

அவளிடம் உண்மையைச் சொல்லிவிடத்தான் நினைத்தேன். ஆனால் விடைபெறும்போது விருந்தாளி ஒன்று கேட்டார்: ஊருக்குப் போகுமுன் அணியின் பயிற்சியைப் பார்க்க வேண்டுமாம். அதை அண்ணனுக்கு நான் இன்னும் மொழிபெயர்க்கவில்லை. நாளை மில்லுக்கே போய், அந்த மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லப் போகிறேன்.